குழாயடியில் கேட்ட மன்னிப்பு

“எல்லாரும் கொஞ்சம் இருங்க. ஒண்ணு சொல்லோணும்.”

சித்ரகலா இப்படிச் சொன்னதும் குழாயடியில் குடச் சத்தம் நின்றது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள். யாரிடமும் நிமிர்ந்து பேசாதவள்.

“போன வாரம் இதே இடத்துல எம்புள்ளைய அடிச்சேனுங்க. ஸ்கூல் பையில ஆம்பளை டீ-சர்ட் இருந்துச்சு. எவன் குடுத்தான்னு கேட்டுக் கேட்டு அடிச்சேன். அது, கழிச்சுப் போட்ட துணி விக்கற செகண்ட்ஸ் கடையில அவளே வாங்குனதாமுங்க. ஸ்கூல்ல டீ-சர்ட்டுல துணிப்பை தைச்சுட்டு வரச் சொன்னாங்களாம். நேத்து அவங்க டீச்சர் சொல்லித்தான் தெரிஞ்சுது.”

பதினொன்றாவது படிக்கும் மகள் கிருத்திகா வாசற்படியில் தலைகுனிந்து நின்றாள்.

அடி வாங்கியதிலிருந்து அவள் ‘அம்மா’ என்று கூப்பிடவே இல்லை. சோறு போட்டால் சாப்பிடுவாள், அவ்வளவுதான். கம்பெனியில் பக்கத்து மேசைக்காரியின் போனில் அவள் பிள்ளை ‘அம்மா’ என்றால்கூட, சித்ரகலா கையிலிருந்த பனியனை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பாள்.

நேற்றே வீட்டுக்குள் வைத்து மன்னிப்புக் கேட்டுப் பார்த்தாள்.

“அடிச்சது குழாயடியில. மன்னிப்பு மட்டும் ஊட்டுக்குள்ளயா?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள் மகள்.

அதனால்தான் சித்ரகலா இப்போது இங்கே நிற்கிறாள்.

“அம்மா மேலதான் தப்பு, கண்ணு. மன்னிச்சுக்க.”

முதலில் சிரித்தது எதிர்வீட்டு மருதாள்.

“ஏனம்மிணி, பெத்தவ போயி புள்ளைகிட்ட மன்னிப்பா? நல்லாருக்குது போ! இனி உன்ற தலைமேல ஏறி உக்காந்துக்குவா. நானெல்லாம் அடிச்சா அடிச்சதுதான்!”

“டிவி சீரியல் தோத்துச்சு!” என்றாள் இன்னொருத்தி.

சித்ரகலாவுக்கு முகம் சுட்டது. குடத்தை எடுக்கக் குனிந்தாள். அதற்குள் கிருத்திகாவின் கை குடத்தைப் பிடித்தது.

“நகரும்மா, நான் தூக்கறேன்.”

சித்ரகலா நகரவில்லை. இன்னொரு தடவை ‘அம்மா’ என்று சொல்ல மாட்டாளா என்று அப்படியே நின்றாள்.

சாயங்காலம் கம்பெனி வேனிலிருந்து இறங்கியவளைச் சந்து முனையில் மருதாள் வழிமறித்தாள்.

“என்னங்கக்கா, நான் ஏதாச்சும் தப்பாப் பேசிட்டனுங்களா?” என்றாள் சித்ரகலா.

மருதாள் சுற்றிலும் பார்த்துக்கொண்டாள். குரல் இறங்கியிருந்தது.

“அதில்ல அம்மிணி. என்ற பையன் நிதிஷ், படிக்கறதுக்காக உடுமலைல அவங்க மாமன் ஊட்டுல இருக்கறான்னு சொல்லிட்டிருந்தேனில்ல? படிக்கறதுக்கில்ல. நான் அடிச்ச அடியில போனவன். திரும்பி வரவே இல்ல. போன் போட்டா எடுக்கறான், வாயே தொறக்க மாட்டேங்கறான்.”

செல்போனை நீட்டினாள்.

“ரிங் போகுது. மொதல்ல என்ன சொல்லோணும்? சீக்கிரஞ் சொல்லு, அம்மிணி!”