யானையா, பீரங்கியா?

"யானைய முன்னால விட்டா நம்ம ஆளுங்கள்லயே பாதிப் பேரு மிதிபட்டுச் செத்துருவாங்க," என்றார் பல் டாக்டர், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே.

"சாகட்டும் டாக்டர். மிச்சப் பாதி போதும் நமக்கு," என்றார் சலூன்காரர், அலட்டிக்கொள்ளாமல்.

சர்வேயர் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். மேசைமேல் நின்ற யானைகள் கட்டைவிரல் உயரம்தான். வீரர்கள் அதிலும் பாதி. ஆனாலும் இன்றைக்கு உண்மையிலேயே சாகப்போகிறவர் தாம் ஒருவர்தான் என்று அவருக்குத் தோன்றியது.

டாக்டரின் கிளினிக்குக்கு மேலே இருந்த மாடி அறை அது. சுவரை அடைத்த அலமாரிகளில் ரோமாபுரிக் காலாட்கள், நெப்போலியன் காலத்துப் பீரங்கிகள், கவசம் பூண்ட குதிரைவீரர்கள். வீரர்களின் கண்ணுக்கு மை வைத்தவர் டாக்டர், பல்லைக் குடையும் ஊசியால். குதிரைகளின் வாலெல்லாம் சலூனில் வெட்டி விழுந்த தலைமுடி. இவற்றில் எந்தப் போரை ஆடுவது என்று இன்று முடிவெடுக்கப் போகிறார்கள்.

முடிவு எடுக்காமலே கலைந்தால் சர்வேயர் பிழைத்தார்.

எல்லாம் வாய்க்கொழுப்பால் வந்தது. மாற்றலாகி வந்ததிலிருந்து அவரிடம் ஆபீஸ் விஷயம் தவிர ஒரு வார்த்தை பேச ஆளில்லை. சமையலறைக் குழாயோடு பேசத் தொடங்கியிருந்தார். முடி வெட்டிக்கொள்ளப் போன இடத்தில் சலூன்காரர், "பழைய காலத்துச் சண்டை ஆடுற பொம்மைப் படை எங்ககிட்ட நெறைய இருக்கு சார்" என்றார். பேச்சுத்துணை கிடைத்த சந்தோஷத்தில், "அட, நான் சின்ன வயசுலேந்து அதானே ஆடுறேன்" என்று அளந்துவிட்டார் சர்வேயர். சலூன்காரரின் கத்திரிக்கோல் அப்படியே நின்றது. அன்றைக்கே, பாதி வெட்டிய தலையோடு, டாக்டரிடம் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் சர்வேயர் குழாயோடு பேசவில்லை. விளையாட்டின் விதிப்புத்தகத்தை ரகசியமாக வாங்கிப் படித்தும் பார்த்தார்; நாலாவது பக்கத்திலேயே தலை சுற்றியது. முதல் பகடை உருண்டதும் குட்டு வெளிப்பட்டுவிடும். பொய் சொல்லி உள்ளே நுழைந்தவனை யார் வைத்துக்கொள்வார்கள்? டாக்டர், சலூன்காரர், டீச்சரம்மா என்ற இந்த மூன்று பேரை விட்டால் அவருக்கு வேறு நாதியில்லை.

"யானை வேணாம்," என்றார் அவசரமாக. "ஆத்தக் கடக்கும்போது மக்கர் பண்ணும்." எந்த ஆறு என்று அவருக்கே தெரியாது.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "சார் சொன்னா சரி," என்று யானைகளை அள்ளி அலமாரியில் வைத்துவிட்டார் டாக்டர்.

நக்கலோ என்று சர்வேயர் அவர் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"அப்ப பீரங்கிய எடுப்போமா?" என்றார் டீச்சரம்மா. டாக்டரின் அக்கா, சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். எந்தப் பட்டாளத்துக்கு என்ன நிறச் சட்டை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அவரைக் கண்டால்தான் சர்வேயருக்கு அதிக உதறல்.

"பீரங்கின்னா புகை வரும். காத்து எந்தப் பக்கம்னு பாக்கணும். அடுத்த வாரம் நிதானமாப் பேசிக்கலாமே."

"இல்ல சார். பேசிப் பேசியே வருஷமெல்லாம் ஓடிப்போச்சு. இன்னிக்கு விடறதா இல்ல," என்ற டாக்டர் பகடைப் பெட்டியை எடுத்து, மேலே இருந்த தூசியை ஊதிவிட்டு, ஒட்டியிருந்த கண்ணாடித்தாளைக் கிழித்தார். புதுப் போருக்குப் புதுப் பகடை போலிருக்கிறது, கைதேர்ந்தவர்கள் அப்படித்தான் என்று சர்வேயர் நினைத்துக்கொண்டார்.

எழுந்தார். உட்கார்ந்தார். ஜன்னலைத் திறந்தார், மூடினார். வயிறு சரியில்லை என்று சொல்லிப் பார்த்தார். சலூன்காரர் படியிறங்கி ஓடிப்போய் சோடா வாங்கி வந்து, மூடியையும் திறந்து கையில் கொடுத்தார். அந்த அக்கறைதான் சர்வேயரை இன்னும் வதைத்தது.

"கோட்டை முற்றுகைன்னு வச்சுக்குவோம். குதிரைப்படை வெளிய, காலாள் உள்ள," என்றார் டீச்சரம்மா. "எங்க மூணு பேருக்கும் சம்மதம். நீங்க என்ன சொல்றீங்க சார்?"

சொல்வதற்குச் சரக்கு தீர்ந்துபோயிருந்தது. "ம்," என்றார்.

மளமளவென்று கோட்டை மேசைக்கு வந்தது. குதிரைகள் வரிசைகட்டி நின்றன. பகடையை யாரும் தொடவில்லை. மூன்று பேரும் சர்வேயரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இனி மறைக்க முடியாது. அவமானமோ எதுவோ, தானே சொல்லிவிடுவது மரியாதை என்று முடிவு செய்தார். "உங்ககிட்ட நான் ஒண்ணு சொல்லணும்..."

"இருங்க சார், மொதல்ல நான் சொல்லிடறேன்," என்று குறுக்கிட்டார் டீச்சரம்மா. அவர் முகம் சிவந்திருந்தது. "இத நீங்க வந்த அன்னிக்கே பேசியிருக்கணும். இவங்க ரெண்டு பேருக்கும் வாய் வரல."

கண்டுபிடித்துவிட்டார்கள். சர்வேயர் தலையைக் குனிந்துகொண்டு, கழற்றி வைத்த செருப்பு எங்கே என்று காலால் துழாவினார்.

டீச்சரம்மா பகடையை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"எங்க மூணு பேருக்குமே இத ஆடத் தெரியாது சார், நீங்கதான் சொல்லித் தரணும்."