பதினொரு எம்பி

“லெட்டரை மொதல்ல டைப் பண்ணும்மா. போனை அப்புறம் நோண்டலாம்” என்றார் சாந்தகுமார் சார்.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. விசாரணையே ஆரம்பிக்கலை, அதுக்குள்ள டிஸ்மிஸ் லெட்டரா?

ஆம்பூர்ல எங்க ஷூ கம்பெனி. அவர் சாம்பிள் ரூம் மேனேஜர். நான் ஆபீஸ்ல கம்ப்யூட்டர் பார்க்கிறவ. எங்க புது டிசைன் அச்சு அசலா இன்னொரு கம்பெனியில வந்துடுச்சு. எங்ககிட்ட வாங்குற ஃபாரின் பார்ட்டி ஆர்டரை நிறுத்திட்டான். அன்னிக்குன்னு பார்த்து ஸ்டிச்சிங் லைன் சங்கீதா, சாப்பாட்டுப் பையில கேமரா போனோட மாட்டிக்கிட்டா.

“புள்ளைக்கு ஜுரம் சார். ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வரும்னுதான் கேட்ல குடுக்காம எடுத்தாந்தேன்.”

புருஷன் இல்லாதவ. இந்த வேலையும் போச்சுன்னா ரெண்டு புள்ளைங்களோட நடுத்தெருதான்.

சார் சுவத்தைக் காட்டினார். அவரே எழுதி மாட்டின போர்டு: ‘சாம்பிள் ரகசியம் யாரால் வெளியே போனாலும் அன்றே வேலைநீக்கம்.’ சாம்பிள் ரூம் பூட்டையே நம்பாத ஆளு அவர்.

லெட்டரை அடிச்சு முடிச்சுட்டு போனைப் பார்த்தேன். 512 எம்பி கார்டு. காலி இடம் வெறும் பதினொண்ணு. கார்டைக் கழட்டி கம்ப்யூட்டர்ல போட்டு, கண்ணுக்குத் தெரியிற ஃபைலையெல்லாம் கூட்டினா நூத்தி நாப்பதுதான் வருது. அப்போ முந்நூறுக்கு மேல காலியா இருக்கணுமே!

“போன் ஒண்ணு சொல்லுது, கம்ப்யூட்டர் ஒண்ணு சொல்லுது. மீதி இடத்துல இன்னா இருக்குது?” சார் எட்டிப் பார்த்துக் கேட்டார்.

“சில சமயம் அப்படித்தான் சார் காட்டும்”னு மழுப்பினேன். மறைச்சு வெச்ச ஃபைலா இருக்கும்னு எனக்குத் தெரியாதா? நான் எதுக்குக் காட்டிக்குடுக்கணும்?

“என்கிட்டயே கதை விடாத. இடம் சும்மா காணாமப் போவாது.” சங்கீதா பக்கம் திரும்பினார். “யார்கிட்ட வாங்கின போன் இது?”

“செகண்ட் ஹேண்ட் சார். பேரைச் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டேன்.”

“வேலை போனாலும்?”

கண்ணைத் துடைச்சுக்கிட்டா. “போனாலும் சார்.”

“பார்த்தியா ஃபீபி? கூட்டுக் களவாணிக்கு இன்னா விசுவாசம்!”

சே, மனுஷனா இவர்? வேற வழியில்லாம, மறைச்ச ஃபைலைக் காட்டுறதுக்கு ஒரு டிக் போட்டேன். மங்கலா ஒரு ஃபோல்டர் வந்து நின்னுச்சு.

திறந்தா, பூராவும் ஷூ. போட்டோவும் வீடியோவுமா. எங்க சாம்பிளேதான். சாம்பிள் எப்பவும் ஒரு காலுக்குத்தான் தைப்போம். அந்த ஒத்தைக்கால் ஷூவை மேல, கீழ, சைடுலன்னு அத்தனை பக்கத்துலேர்ந்தும் எடுத்திருந்தது.

“ஐயோ, என் புள்ளைங்க மேல சத்தியமா நான் எடுக்கல!” சங்கீதா கத்திட்டா.

“பெரிசு பண்ணு” என்றார் சார்.

பண்ணினேன். ஷூ இருந்தது ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேசை மேல. பக்கத்துல ‘சாந்தகுமார்’னு பேர் வெட்டின டிபன் பாக்ஸ். பின்னாடி ஷோகேஸ் கண்ணாடியில, போனைப் பிடிச்சபடி சாரோட பையன் ஜெஸ்டன்.



“பத்திரமா இருக்கட்டும்னு சாயந்திரமானா சாம்பிளை நான்தான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போவேன்” என்றார் சார் மெதுவா. அப்புறம், “அவன்தான் உனக்கு வித்தானாம்மா?”

“‘அப்பாவுக்குத் தெரிஞ்சா அடிப்பாரு, சொல்லாதக்கா’ன்னு கெஞ்சினான் சார். உள்ள இது இருக்குதுன்னு எனக்குத் தெரியாது.”

அழிச்சிடுன்னு சொல்லப்போறார்னு நெனச்சேன். ஒரு பட்டனைத் தட்டினா போதும், பெத்த புள்ள தப்பிச்சுப்பான். மவுஸ்லேர்ந்து கையை எடுத்து மடியில வெச்சுக்கிட்டேன். என் வேலையே போனாலும் சரி, அழிக்கிறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன்.

சார் போனை சங்கீதா கையில குடுத்தார். “மன்னிச்சிடும்மா. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி, புள்ளைக்கு எப்படி இருக்குதுன்னு கேளு. அப்புறம் லைனுக்குப் போ.”

அவ போனதும் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்துல உட்கார்ந்தார்.

“இந்த கார்டையும் அந்த லெட்டரையும் இப்பவே முதலாளிகிட்ட குடுத்துடு.”

“சார், லெட்டர் சங்கீதாவுக்கு அடிச்சதாச்சே!”

“வேற ஒரு எழுத்தும் மாத்தாத. அவ பேரை எடுத்துட்டு என் பேரைப் போடு.”