நாற்றத்தில் மூன்று வகை

"நாத்தம்னா நாத்தம்தானே, அதுல என்னம்மா மூணு வகை?"

ஆறு மாதத்துக்கு முன்னால் வாளியக்காவிடம் கட்டட மேனேஜர் கேட்ட கேள்வி அது. கேட்டவர் அப்போதே மறந்துவிட்டார்.

நாலு மாடிக் கட்டடம் முழுவதையும் கூட்டித் துடைப்பவள் வாளியக்கா. துணி மாற்றவும் மதியம் சோற்று டப்பாவைத் திறக்கவும் அவளுக்கென்று இருந்தது படிக்கட்டுக்கு அடியில் ஒரு சின்ன அறை மட்டும்தான்.

"ஈரத்துணியை மூட்டை கட்டி வச்ச மாதிரி ஒரு வாடை சார். கூடவே எண்ணெய்ச் சிக்கு வாடை. இப்ப நாலு நாளா ஏதோ அழுகின மாதிரி வேற வருது. சோறு தொண்டையில இறங்க மாட்டேங்குது" என்று அன்று அவள் சொன்னாள். அவர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பினாயில் ஊத்தித் துடை, போ" என்றார்.

இன்றைக்கு அதே மேனேஜர் புகார்ப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்துக்கொண்டிருந்தார்.

வாசல் ஆணியில் கயிறு கட்டித் தொங்கவிட்ட புத்தகம் அது. குறை இருந்தால் எழுத வேண்டும். சரிசெய்த பிறகு, எழுதியவரே பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியாக வேண்டும். கையெழுத்து இல்லாமல் மூன்று புகார் நின்றால் மேனேஜரின் வேலைக்கு வேட்டு.

இன்று சனிக்கிழமை. மூன்று நின்றன. மூன்றும் இங்கிலீஷில், முத்து முத்தான எழுத்தில். பெயர் மட்டும் இல்லை.

"படிக்கட்டு ரூம்ல மஸ்டி ஸ்மெல்லாம்! போன வாரம் ரான்சிட். இந்த வாரம் பியூட்ரிட்! எந்தத் துரை பெத்த பிள்ளைடா இது?" பல்லைக் கடித்துக்கொண்டே போனில் அர்த்தம் தேடினார். "மஸ்டின்னா... காத்துப் படாத ஈர வாடை. ரான்சிட், கெட்டுப்போன எண்ணெய் வாடை. பியூட்ரிட்... அழுகல். டிகிரி முடிச்ச என்னையே டிக்‌ஷனரி பாக்க வச்சுட்டானே, படுபாவி!"

கோபம் இறங்க ஓர் இடம் வேண்டுமே. தரை துடைத்துக்கொண்டிருந்த வாளியக்காவின் பக்கம் திரும்பினார்.

"எல்லாம் உன்னாலதான்! ஒழுங்காத் துடைச்சா ஏன் நாறுது? எட்டாங்கிளாஸ்ல ஸ்கூலை விட்டு ஓடினவளை வேலைக்கு வச்சேன் பாரு, என்னைச் சொல்லணும். இதுல என்ன எழுதியிருக்குன்னாவது உனக்குப் புரியுமா?"

வாளியக்கா தரை துடைக்கிற துணியைப் பிழிந்தாள். யாருடைய கழுத்தையோ திருகுவதுபோல் இருந்தது அந்தப் பிழி.

"சுவத்துக்குள்ள பைப்பு ஒடைஞ்சிருக்கும் சார். அன்னிக்கே சொன்னேன்."

"நீ சொன்னா ஆச்சா? நீ என்ன இன்ஜினியரா? எனக்கு வேலை போச்சுன்னா, எனக்கு முன்னாடி நீதான் வெளிய போவ. ஞாபகம் வச்சுக்க!"

திட்டி முடித்த கையோடு பிளம்பரைக் கூப்பிட்டார். ஆறு மாதமாக அசையாத காரியம் அரை மணி நேரத்தில் அசைந்தது. சுவரை இடித்ததும், மாடி கேன்டீனிலிருந்து வரும் கழிவுக் குழாயில் ஒரு முழ நீளத்துக்கு விரிசல்.

"ஏழெட்டு மாசமா ஒழுகியிருக்கு சார். கதவைச் சாத்திட்டா வெளிய துளி வாடை வராது. உள்ள உக்காந்து மூச்சு விட்டவனுக்குத்தான் தெரியும்" என்றான் பிளம்பர், மூக்கைப் பொத்திக்கொண்டு.

மேனேஜர் காதில் அது விழவில்லை. குழாய் மாற்றியாயிற்று, இனி கையெழுத்துத்தான். மணி நாலரை.

புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏறினார். நாலாவது மாடியில் உதட்டைப் பிதுக்கினார்கள். மூன்றாவதில் சிரித்தார்கள். இரண்டாவது மாடி இங்கிலீஷ் கிளாஸ் மாஸ்டர் மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"என் கையெழுத்து இல்ல சார். ஆனா இந்த மூணு வார்த்தையும் நான் போர்டுல எழுதிப் போட்டதுதான்."

"அப்படின்னா உங்க ஸ்டூடண்ட்ஸ் வேலைதான்!"

"அட போங்க சார். இவங்களாவது, பியூட்ரிட் எழுதுறதாவது! நான் எழுதுவேன், இவங்க கொட்டாவி விடுவாங்க. கிளாஸ் முடிஞ்சதும் கூட்ட வர்றவங்க அழிச்சுடுவாங்க. அவ்வளவுதான் எங்க படிப்பு."

கீழே இறங்கி வரும்போது மேனேஜருக்கு மூச்சு வாங்கியது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மணி ஐந்தடிக்கப் பத்து நிமிடம். படிக்கட்டு முனையில் நின்று, கட்டடமே அதிரக் கத்தினார்.

"எழுதத் தெரிஞ்ச மகாராசாவுக்கு முன்னாடி வரத் தைரியம் இல்லையா? பைப்பை மாத்தியாச்சுய்யா! வந்து ஒரு கையெழுத்தைப் போட்டுத் தொலை! உன் கால்ல வேணாலும் விழுறேன்!"

வாளியக்கா வாளியைக் கீழே வைத்தாள். இடுப்பில் சொருகியிருந்த துணியில் இரண்டு கையையும் அழுந்தத் துடைத்தாள். அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவைத் தானே எடுத்தாள்.

மூன்று புகாருக்கும் பக்கத்தில், அதே முத்து முத்தான எழுத்தில், தன் பெயரை மூன்று முறை எழுதினாள்.

பேனாவை மூடி அவர் பையிலேயே சொருகிவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு மாடியேறிப் போனாள். இரண்டாவது மாடியில் போர்டு அழிக்கிற நேரம்.