கினிக்கோழியின் புகார்

குளத்துக்குக் காவல் என்று வந்து ஆட்சியைப் பிடித்துக்கொண்ட சிறுத்தைகள், ஒருவழியாக மலைக்குத் திரும்பிப் போயின. விலங்குகள் கூடி ஆமையைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தன.

மறுநாளே கினிக்கோழி, "தண்ணி ஒரே சேறு! தலைவர் என்னத்தைப் பார்க்கிறார்?" என்று வாய்தவறிக் கத்திவிட்டது. கத்திய பிறகுதான் அதற்கு உயிரே போனது. முன்பு சிறுத்தைகளிடம் இப்படிக் கேட்கப்போன அதன் சேவல் திரும்பி வரவே இல்லை. கினிக்கோழி குஞ்சுகளை அணைத்துக்கொண்டு புதருக்குள் பதுங்கியது.

சாயங்காலம் ஆமை வந்து புதருக்கு வெளியே நின்றது.

"காலையில குறை சொன்னது நீங்கதானேம்மா?"

"நா... நான்தான் ஐயா."

"எந்தப் பக்கம் சேறுன்னு கொஞ்சம் வந்து காட்டுங்க."

கினிக்கோழிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. குஞ்சுகளோடு முன்னால் நடந்தது. போகப் போக அதன் குரல் ஏறியது.

"வடக்குக் கரை இன்னும் மோசம் ஐயா, அதையும் சொல்லிடறேன்!"