ஐந்தாவது மிதியடி

பனியன் கம்பெனி விடுதியில் ஞாயிறு மட்டும்தான் வெளியே விடுவார்கள். பூங்காவனம் வெட்டி மிஞ்சிய துணிக் கீற்றுகளைப் பின்னி, ஊரிலிருந்த மகள் உட்கார ஒரு விரிப்பு செய்திருந்தாள். வார்டனம்மா அதைத் தரையில் போட்டு மிதித்துப் பார்த்தாள்.

“மெத்துன்னு இருக்குதே. ஒவ்வொரு ரூமுக்கும் ஒண்ணு வேணும். ஞாயித்துக்கெழம உக்காந்து போட்டுரு.”

“பாப்பாவப் பாக்கப் போவணுங்க மேடம்.”

“எல்லாம் முடிச்சிட்டுப் போயேன்.”

நான்கு ஞாயிறுகள் நான்கு மிதியடிகளிலேயே போயின. ஐந்தாவது ஞாயிறு, வேண்டுமென்றே முடிச்சுகளைத் தளர்த்தி, ஓரத்தைக் கோணலாக்கி ஒன்றைப் பின்னிக் கொடுத்தாள். வார்டனம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“பரவால்ல, மிதிக்கறதுக்குத்தானே?” என்று அடுத்த துணி மூட்டையைத் தள்ளினாள் வார்டனம்மா.

பூங்காவனத்தின் விரல்கள் அதற்குள் மூட்டையிலிருந்து ஒரு கீற்றை உருவியிருந்தன.