பதினெட்டு ஆகட்டும்

சந்தாபுராவில் மமதா படிக்கும் பள்ளியில், பெண்கள் கழிப்பறைக் கதவுக்கு மூன்று மாதமாகத் தாழ்ப்பாள் இல்லை. அவள் அதைப் படம் பிடித்து இன்ஸ்டாகிராமில் போட்டாள். மறுநாளே பிரின்சிபால் அவளுடைய அப்பா அப்பாதுரையை வரச்சொன்னார்.

“மன்னிப்பு லெட்டர் கொடுக்கட்டும். இல்லேன்னா டி.சி. வாங்கிட்டுப் போங்க.”

“நான் போட்டது பொய்யா மேடம்?” என்று மமதா கேட்டாள்.

“பதினைஞ்சு வயசுல இவ்ளோ பேச்சு ஆகாது.”

அப்பாதுரை தானே கடிதத்தை எழுதி மகளிடம் நீட்டினார். “கையெழுத்துப் போடும்மா.”

போட்டாள். வெளியே வந்ததும் அழுதாள். “பெரியவங்க சொன்னா மட்டும் கேப்பாங்களாப்பா?”

“கேப்பாங்க. உனக்குப் பதினெட்டு ஆகட்டும், எது வேணா பேசலாம். யாரும் ஒண்ணும் பண்ண முடியாது.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள். அப்பாதுரை தொழிற்சாலைக்குப் போவதுபோல் அத்திபெலே பஸ்ஸில் ஏறினார். இறங்கியதும், பத்து நாளாகச் செய்வதுபோலவே, சாயங்காலம்வரை பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

இரண்டு பேரின் விரலை நசுக்கிய இயந்திரத்துக்கு இன்னும் தடுப்பு வைக்கவில்லை என்று ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருந்தார். வேலை போய்விட்டது. வீட்டில் சொல்லவில்லை.

அவரும் மன்னிப்புக் கடிதம் கொடுத்துப் பார்த்தார். மேனேஜர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“தெரியாம எழுதிட்டேன்னு சொல்ல நீங்க என்ன சின்னப் பிள்ளையா?”