மூன்று முள் சம்பந்தம்

"பொண்ணு கேக்கத்தான் வர்றாங்க, நவால்! வேற எதுக்கு இத்தனை ஆம்பளைங்க கோட்டு மாட்டிக்கிட்டுப் படியேறி வருவாங்க?" கதவுத் துளையிலிருந்து கண்ணை எடுக்காமலே குதித்தார் ரிஃப்அத்.

"முதல்ல பொம்பளைங்கதானே வந்து பேசுவாங்க? எங்கிட்ட யாரும் ஒரு வார்த்தை சொல்லலையே," என்றாள் மனைவி.

"உனக்கு ஒண்ணும் தெரியாது. கீழ் வீட்டுப் பல் டாக்டர் முஹன்னத் ராத்திரியில தெருவுல நின்னு நம்ம ஜன்னலையே அண்ணாந்து பாக்கறான். கண்ணெல்லாம் செவந்து கிடக்கு. நம்ம லமாவுக்கு அவன் மட்டும் அமைஞ்சா, அம்மான் ஊர் முழுக்க கனாஃபா இனிப்பு வாங்கிக் குடுப்பேன்!"

ஒரு வேண்டுகோளோடு பெரிய மனிதர்கள் கூடி வரும் ஜாஹா உள்ளே வந்தது. தலைமை, ஓய்வு பெற்ற நீதிபதி அபூ ஸுஹைர். கடைசியில் முஹன்னத், கொட்டாவியை அடக்கிக்கொண்டு.

அந்த வீட்டில் ஒரு காலத்தில் வரவேற்பறை இருந்தது. இப்போது அங்கே ஸ்பீக்கர்கள் குடியிருந்தன. கிடைத்த இடுக்கில் விருந்தினர்கள் உட்கார்ந்தார்கள். நவால் ஏலக்காய்க் காபி ஊற்றினாள். அபூ ஸுஹைர் கோப்பையை வாங்கி, குடிக்காமல் மேஜையில் வைத்தார். மற்றவர்களும் வைத்தார்கள். கேட்டதைத் தருவதாக வீட்டுக்காரர் வாய் திறந்து சொல்லும்வரை ஜாஹா காபி குடிக்காது.

"அபூ லமா," என்று மகள் பெயரைச் சேர்த்து ரிஃப்அத்தை அழைத்தார் நீதிபதி. "நாங்க வந்த விஷயம்..."

"விஷயம் எங்க ஓடிடப் போகுது? முதல்ல இதைக் கேளுங்க!" உட்கார்ந்த கூட்டத்தைச் சும்மா விடுகிற ஆளா ரிஃப்அத்? "ஆம்ப்ளிஃபயர் இங்க. தரையே அதிர்ற சப்வூஃபர் ஸ்பீக்கர் அந்த மூலையில. முன்னாடி சாதாரண வயர். அவ்வளவு நீளம் போனா வழியில இருக்கற கரண்ட் இரைச்சலை எல்லாம் பொறுக்கிக்கும். உம்ம்ம்னு ஒரே ரீங்காரம். இப்ப பேலன்ஸ்டு வயர்! மூணு முள் பிளக். உள்ள ஒரு கம்பியில பாட்டு நேரா போகும், இன்னொண்ணுல தலைகீழா போகும். இரைச்சல் ரெண்டுலயும் ஒரே மாதிரி ஒட்டும். கடைசியில தலைகீழா வந்ததைத் திருப்பிப் போட்டுச் சேர்த்தா பாட்டு ரெட்டிப்பு, இரைச்சல் காலி!"

யாரும் கை தட்டவில்லை.

"கல்யாணம் மாதிரிதான்," என்று முஹன்னதைப் பார்த்துக் கண்ணடித்தார். "ரெண்டு பேரும் நேர் எதிர். ஆனா வெளிச் சத்தம் உள்ள ஏறாது. இனிமே வால்யூமை எவ்வளவு வேணும்னாலும் ஏத்தலாம்!"

"தெரியும் மாமா," என்றான் முஹன்னத்.

ரிஃப்அத் உருகிப்போனார். மாமாவாம்! அதோடு ஒலி ஞானமும் இருக்கிறதாம்!

அபூ ஸுஹைர் தொண்டையைச் செருமினார். "நாங்க கேட்டு வந்தது இந்த வீட்டுச் செல்லத்தை. நீங்க அது மேல எவ்வளவு உசிரா இருக்கீங்கன்னு கட்டடத்துக்கே தெரியும். பிரியறது கஷ்டம்தான். ஆனா எங்க பொறுப்புல குடுத்துடுங்க. ஒரு கீறல் விழாம பாத்துக்கறோம். ஆசையா இருந்தா எப்ப வேணும்னாலும் வந்து பாருங்க. முஹன்னத் பாவம், இனிமேலாவது தூங்கட்டும்."

ரிஃப்அத்துக்குக் கண் கலங்கிவிட்டது. நவால் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கையைக் காட்டி அடக்கினார்.

"கேக்கணுமா என்ன? குடுத்தேன்! காபியைக் குடிங்க!"

இத்தனை வேகமாகக் காலியான கோப்பைகளை அந்த வீடு பார்த்ததில்லை.

"அப்புறம் பேச்சு மாற மாட்டீங்களே?" என்றார் நீதிபதி, பழைய தொழில் பழக்கத்தில்.

"ஜாஹாவுக்குக் குடுத்த வாக்கை மாத்திட்டு நான் இந்த ஊர்ல தலை காட்ட முடியுமா? லமா, வெளிய வாம்மா! வெக்கப்படாதே!"

லமா வந்தாள். யாரையும் பார்க்காமல் நேரே மூலைக்குப் போனாள். சப்வூஃபரின் மூன்று முள் பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"தூக்குங்க முஹன்னத் அண்ணா," என்றாள். "கனம் ஜாஸ்தி, படி பாத்து இறங்குங்க. இன்னிக்காவது எல்லாரும் தூங்குவோம்."